மஞ்சள் தடவிய காகிதம்

"முனிசாமிங்கறது நீதானே?"

கோல் கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த முனிசாமி திரும்பிப் பார்த்தான்.

வெள்ளை ஜிப்பா. மடிப்புக் கலையாத வேட்டி. விரலில் கல் மோதிரம். அறுபத்தைந்து வயதிருக்கும். பெரியவரின் கக்கத்தில் ஒரு துணிப்பை. பையிலிருந்து காகிதத்தின் முனை ஒன்று எட்டிப் பார்த்தது. முனையில் மஞ்சள் தடவியிருந்தது.

ஜாதகம்!

"நான்தான். இன்னா வேணும்?"

"டீம் முதலாளி ராஜகோபாலைப் பத்தி விசாரிக்கணும்."

"இன்னாத்துக்கு?"

"நல்ல காரியம்தான். முடிவு பண்றதுக்கு முன்னாடி, கூடவே இருக்கறவங்க கிட்டே ஒரு வார்த்தை கேட்டுக்கணுமில்லையா?"

சந்தேகமே இல்லை. பெண் வீட்டுக்காரர்.

ராஜகோபால், பெங்களூர் பட்டு நூல் வியாபாரியின் ஒரே மகன். காஞ்சிபுரம் கடையைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தான். வந்தவன் ஓரிக்கைச் சாலையில் காலி நிலம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பதினாறு பேருக்கு மாதச் சம்பளம் போட்டு, கால்பந்து டீம் வைத்துவிட்டான். தறியை விட்டு வந்தவன் பாதி, ஏரை விட்டு வந்தவன் பாதி. மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவன் முனிசாமி; அவன் மகன் பழனிதான் கோல்கீப்பர்.

முனிசாமி பணக்காரர்களை நம்புகிற ஆள் இல்லை. ராஜகோபாலை மட்டும் நம்பினான். போன மழையில் கால் முறிந்து கிடந்த தன்னைக் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த முதலாளி வேறு யார்?

ஆனால் வரப்போகிற மாமனாரை எப்படி நம்புவது? போன வருஷம் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். "பந்தாட்டத்தை மூட்டை கட்டுங்க, பொண்ணைக் குடுக்கறேன்" என்றார். ராஜகோபாலும் "யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டான். டீமில் மூன்று நாள் ஒருவன் தொண்டையிலும் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, ஜாதகம் பொருந்தவில்லை.

இந்தத் தடவை பொருந்திவிட்டால்? பதினாறு குடும்பமும் தெருவில்தான்.

முனிசாமி சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்தான்.

"நல்ல மனுஷன்தான்," என்று இழுத்தான். "ஆனா..."

"ஆனா?"

"வாணாம் பெரியவரே. நான் சொல்லி, அது அவரு காதுக்குப் போயி..."

"போகாது. சொல்லு."

"தண்ணி போடுவாரு."

பெரியவர் முகம் சுருங்கியது. "மதுவிலக்கு இருக்கிற ஊர்ல எங்கே கிடைக்குது?"

முனிசாமி சமாளித்தான். "காசு இருந்தா கெடைக்காத வஸ்து உண்டா? டீமு வண்டியிலயே வருது. பந்து மூட்டைக்குள்ள!"

பந்தை உதைத்துக்கொண்டே பக்கத்தில் வந்த பழனி, பெரியவரைப் பார்த்தான். பையைப் பார்த்தான். மஞ்சளைப் பார்த்தான். அப்பன் கண்ணடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"நைனா, சின்ன மொதலாளி எங்க? சீட்டாட்டம் இன்னும் முடியலயா?"

"எனக்கு இன்னாடா தெரியும்? நேத்து ஒக்காந்தவரு இன்னும் எழுந்திருக்கல."

பெரியவர் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தப் பசங்க மேலயாவது பிரியமா இருக்கானா?"

"பிரியமா! சலிப்புத் தட்டினா அன்னிக்கே தொரத்திட்டு வேற ஆட்டத்துக்குப் போய்டுவாரு."

பெரியவர் தயங்கினார். விரல்கள் பையின் காதை நெருடிக்கொண்டிருந்தன.

"அவங்க அப்பாவைப் பத்தி எப்பவாவது பேசுவானா?"

ஆள் ஆடிப்போயிருக்கிறார், இன்னும் ஒரு அடி அடித்தால் போதும் என்று முனிசாமிக்குத் தோன்றியது.

"பேசாம இன்னா? கெழவன் எப்ப கண்ண மூடுவான், பெட்டிச் சாவி எப்ப கைக்கு வரும்னு விரல் விட்டு எண்ணிக்கினு கெடக்கறாரு."

சொன்ன பிறகு அவனுக்கே உறுத்தியது. அப்பா கொடுத்த கைக்கடிகாரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ராஜகோபால் ஒரு மேட்சையும் தொடங்கியதில்லை.

பெரியவர் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். கையில் சுண்ணாம்பு ஒட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்த காகிதத்தை உள்ளே தள்ளி, பையின் வாயை முறுக்கிப் பிடித்தார்.

"நல்லவேளை, கேட்டேன்."

அவ்வளவுதான். சாலையில் நின்ற குதிரை வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

"இந்தப் பார்ட்டியும் காலி, நைனா!" பழனி பந்தை வானத்துக்கு உதைத்தான்.

"வாய மூட்றா. அந்த மனுஷன் கண்ணு கலங்கிக்கினு போறாரு."

அரை மணி கழித்து ராஜகோபாலின் கார் வந்தது. இறங்கும்போதே கத்தினான்.

"முனிசாமி! பெரியவர் ஒருத்தர் வந்தாரா? துணிப்பையோட?"

"வந்தாரு, போய்ட்டாரு. அந்த எடத்துப் பொண்ணு நமக்கு வாணாம் சாமி. சரிப்பட்டு வராது."

"பொண்ணா?" ராஜகோபால் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கப்பாய்யா அது! இந்த நிலத்தை வாங்கி டீம் பேருக்கே எழுதி, பத்திரத்துக்கு மஞ்சள்கூடத் தடவியாச்சு, அவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அதுக்கு முன்னாடி, 'உன்னைப் பத்திப் பொய் சொல்லாத ஆள் ஒருத்தனைக் காட்டு, நான் தனியாப் போய் விசாரிக்கணும்'னார். நான் உன் பேரைத்தான் சொல்லி அனுப்பினேன்."