சமையலறையில் ஒரு குரல்

கணினித் துப்பாக்கி ஆட்டப் போட்டியின் அரையிறுதியில் முன்னிலையில் இருந்தபோது செண்பகவல்லியின் திரை இருண்டது. யாரோ சொல்லிக்கொடுத்து ஆடி மோசடி செய்ததாகச் சொல்லி, 'காவலன்' என்ற கண்காணிப்புக் கருவி அவளை வெளியேற்றிவிட்டது.

காவலனை வீட்டில் பொருத்தாமல் யாரும் போட்டியில் ஆட முடியாது. அது கணினியைத் துருவும். ஆடுபவரின் நாடியைப் பார்க்கும். சுவருக்கு அப்பால் யாராவது இருமினாலும் கேட்கும்.

அவள் உடனே விசாரணை அதிகாரியை அழைத்தாள். "நான் யார் சொல்லியும் ஆடுறவ இல்ல. ஆதாரம் இருந்தா போடுங்க."

அதிகாரி ஒலிப்பதிவைப் போட்டார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண்குரல் பதறியது: "பின்னால வர்றான் புள்ள, திரும்பு... திரும்பு!"

கணவர் குருசாமியின் குரல். "அம்பது வயசுல துப்பாக்கி ஆட்டமா?" என்று சண்டை போட்ட நாளிலிருந்து வருடக்கணக்காக அவளிடம் பேசாதவர்.

"எல்லா ஆட்டத்துலயும் இந்தக் குரல் இருக்கும்மா. சமையலறையில நின்னு ஃபோன்ல நேரலையா உங்க ஆட்டத்தைப் பார்க்கிறார். முணுமுணுப்பார். இன்னிக்குத்தான் வார்த்தை தெளிவாக் கேட்டுச்சு. இனிமே போட்டி நேரத்துல அவர் வீட்டுல இருக்க மாட்டார்னு உறுதி கொடுங்க, தடையை நீக்கிடறோம்."

"என் வீட்டுல யார் இருக்கணும்னு நீங்க சொல்லாதீங்க, தம்பி."

"அப்போ கோப்பை?"

"நீங்களே வச்சுக்கோங்க."

காவலனைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். காவல் இல்லாமல் சும்மா ஆடும் ஆட்டம் ஒன்றைத் திறந்தாள். காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, இங்க வந்து சொல்லுங்க. அங்கேருந்து சொன்னா எனக்குக் கேக்கல."