பன்னிரண்டு கிளைக் கொம்பன்

ஆர்வின் எழுந்தான். காபி போட்டான். வாசலில் கிடந்த பனியை வாரித் தள்ளிவிட்டு வந்து, வாணலியில் மான்கறி சாசேஜ்களைப் போட்டு உருட்டினான்.

கூடத்துச் சுவரில் புதிதாக ஒரு பெரிய ஆணி. இந்த நவம்பரில் அவன் சுட்ட பன்னிரண்டு கிளைக் கொம்பன் மானின் தலைக்காக அடித்தது. தலை இப்போது டவுனில், சுவரில் மாட்டுவதற்காகப் பாடம் செய்கிறவரிடம் இருந்தது. ஈஸ்டருக்குள் தருவதாகச் சொல்லியிருந்தார்.

மகள் ப்ரிட்டா இரண்டாவது சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"ஹால்வர்சன் வீடுங்களா? வனவிலங்கு அலுவலகத்துல இருந்து பேசறேன். நோய் இருக்கான்னு பாக்க நாங்க வெச்ச சோதனைப் பெட்டியில ஒரு மான் தலை போட்டிருந்தீங்க. முடிவு வந்திருச்சு."

"சொல்லுங்க."

"நோய் இருக்கு சார். மானை எலும்பும் தோலுமா உருக்கிக் கொல்லுமே, அதேதான். கறி மிச்சம் இருந்தா சாப்பிடாதீங்க."

வாணலி சீறிக்கொண்டிருந்தது. ஆர்வினுக்கு அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை.

"ஏற்கெனவே சாப்பிட்டிருந்தா?"

"மனுஷங்களுக்கு வந்ததா இதுவரைக்கும் எங்கயும் தெரியலை. ஆனா வரவே வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது சார்."

"வயசான கடா மானுக்குத்தானே இது அதிகமா வரும்?"

"ஆமாங்க. அதுங்களுக்குத்தான் அதிகம்."

ஆர்வின் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"ப்ரிட்டா, துப்பு."

"ஏம்ப்பா? நல்லாத்தானே இருக்கு?"

"துப்புன்னா துப்பு!"

குழந்தை பயந்துபோய் விழுங்கிவிட்டது. பிறகு அழ ஆரம்பித்தது.

அந்தக் கொம்பனை வளரவிட்டவனே அவன்தான். இரண்டு கிளைக் கொம்போடு திரிந்த காலத்திலேயே துப்பாக்கிக்கு நேரே வந்து நின்றது. "இன்னும் விரியட்டும்" என்று விட்டான். அடுத்த வருஷமும் விட்டான். மந்தையாகப் போன பெண்மான்களையும் அதற்காகவே விட்டுவிட்டு, வருஷா வருஷம் வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

அவன் மனைவி லினெட் நேர்மாறு. வேட்டைப் பருவத்தின் முதல் நாள் காலையில் முதலில் வரும் மானைச் சுட்டுவிட்டு, பால் கறக்கப் போய்விடுவாள்.

"வந்ததையெல்லாம் சுடறதுக்குப் பேரு வேட்டையில்ல லினெட், மளிகைக் கடை" என்பான் அவன்.

"உன் கொம்பை எத்தனை விசில் விட்டா வேகும்னு சொல்லு, வேக வெச்சுப் போடறேன்" என்பாள் அவள்.

கொம்பு விரிய விரிய உள்ளே நோயும் வளர்ந்திருக்கிறது. அதைத்தான் பார்த்துப் பார்த்துக் காத்திருக்கிறான். அதைத்தான் மகளுக்கு வறுத்தும் கொடுத்திருக்கிறான்.

நிலவறைக்கு ஓடி உறைபெட்டியைத் திறந்தான். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் காகிதப் பொட்டலங்கள். எது யார் சுட்டது என்று தெரியவில்லை. கைக்கு வந்ததையெல்லாம் குப்பைப் பையில் திணித்தான். அவசரத்தில் பாதி தரையில் சிதறின.

மேலே வந்து ப்ரிட்டாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை. மானுக்கே வருஷக்கணக்கில் வெளியே தெரியாத நோய் அது. நெற்றியில் என்ன தெரியப்போகிறது? ஆனாலும் மறுபடி தொட்டுப் பார்த்தான்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து லினெட் வந்தாள். கதவருகே நின்று பூட்ஸை உதறினாள்.

"என்ன இது, வீட்டுல கரடி புகுந்துட்டுப் போன மாதிரி?"

"லினெட், என் கொம்பனுக்கு நோய் இருந்திருக்கு. ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. இத்தனை நாளா அதைத்தான் தின்னிருக்கோம். குழந்தையும் தின்னிருக்கா."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அட பைத்தியமே! உன் கிழட்டுக் கடாவை எவன் மெல்லுவான்? பல்லு போயிரும். அது இன்னும் பிரிக்காம அடியில கெடக்கு. நீ வறுத்துக்கிட்டு இருக்கறது நான் முதல் நாள் சுட்டேனே, அந்தப் பொட்டை மான். இளங்கறி. அதான் இப்படி வெண்ணெயாட்டம் கரையுது."

ஆர்வின் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

"இனிமே ஜென்மத்துக்கும் கொம்பை எண்ண மாட்டேன். நீ சொன்னதுதான் சரி. சின்ன மானா வரட்டும், நெறைய வரட்டும். போதும்."

"இதைச் சொல்ல உனக்கு ஆறு வருஷம் ஆச்சு."

ப்ரிட்டா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் சாப்பிடலாமா?" என்றாள்.

"சாப்பிடு கண்ணு." தட்டில் இருந்ததை அவனே எடுத்து ஊட்டினான்.

லினெட் கையுறையை உருவிக்கொண்டே கேட்டாள். "சரி, போன்ல என்னதான் சொன்னாங்க? சொன்னதை அப்படியே சொல்லு."

"சோதனைப் பெட்டியில போட்ட தலைய அறுத்துப் பாத்தாங்களாம். நீதானே கொண்டுபோய்ப் போட்ட?"

பாதி உருவிய கையுறை அப்படியே நின்றது. அவள் கண்கள் மகளின் வாயை விட்டு நகரவில்லை.

"ஆர்வின், நான் போட்டது என் மானோட தலை."