ஆமை வராத கூட்டம்

காட்டு விலங்குகள் சேர்ந்து நடத்திய பள்ளியின் நிர்வாகக் குழுவில் யானை, நரி, ஆமை மூன்றும் இருந்தன.

"பாட்டு டீச்சர் மைனாவை அனுப்பிடலாம். சத்தம் தாங்க முடியலை" என்றது யானை. நரி உடனே தலையாட்டியது. ஆமைக்கு மனசு கேட்கவில்லை. யாரிடமும் பேசாத அதன் குட்டி, அந்த டீச்சரிடம்தான் வாய் திறந்து பாடத் தொடங்கியிருந்தது. ஆனாலும் யானைக்குப் பயந்து, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் குட்டி பள்ளிக்குப் போக மறுத்து அழுதது. ஆமை மைனாவைத் தேடிப் போனது. மைனா ஊரைவிட்டே கிளம்பிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்! நீங்க மட்டும் கூட்டத்துக்கு வந்திருந்தா எனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பீங்க" என்றது மைனா.

வந்திருந்தேன் என்று சொல்ல ஆமைக்கு வாய் வரவில்லை.