நிழல் அளந்த நூல்

புது அடுக்களைக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த மாமனார் மிஞ்சோ, சுவரில் விழுந்த மருமகள் ராட்காவின் நிழலை நூலால் அளந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நிழலை அஸ்திவாரத்துல புதைச்சு என்னைக் கொல்லப் பாக்கறீங்களா மாமா?"

நிழலை அளந்த நூலை அஸ்திவாரத்தில் புதைத்தால் கட்டடம் உறுதியாக நிற்கும், நிழலுக்குரிய ஆள் பிழைப்பதில்லை என்ற நம்பிக்கை பல்கேரியாவில் குழந்தைக்கும் தெரியும்.

"போடி நெட்டைக்கொக்கே! உன்னைப் புதைச்சா வீடா நிக்கும்?" என்று நூலைப் பையில் திணித்தார்.

அடுக்களை முடியும்வரை அவள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. தேவாலயத்தில் தினமும் மெழுகுதிரி ஏற்றி, உயிரைக் காக்க வேண்டிக்கொண்டாள்.

முதன்முதலாக அங்கே மாவு பிசையப் போனவள் திகைத்தாள். குள்ளமான மாமியாருக்கென்று கட்டிய பழைய மேடையில் குனிந்தே ஒடிந்த முதுகு, இன்று நிமிர்ந்து நின்றது. புது மேடை சரியாக அவள் முழங்கை உயரம்.

"கேட்டிருந்தா நானே அளவு குடுத்திருப்பேனே மாமா!"

"கிட்ட வந்தா நீ கடிப்பே. நிழல் கடிக்காதுல்ல!"