தக்கோலத்தில் பாய்ந்த அம்பு

துபாயிலிருந்து அந்த அழைப்பு வந்து நான்கு மணி நேரம் ஆகிறது. மகள் ஷமீலாவின் பேச்சுப்போட்டி நாளை முடியட்டும் என்று மரியம் பீவி இன்னும் வாய் திறக்கவில்லை. பெரியபட்டினத்து வீட்டில், சாய்ந்த வெயிலில் அமர்ந்து அவளுக்குச் சடை பின்னுகிறாள். ஷமீலா உரக்கப் பேசிப் பார்க்கிறாள். "தக்கோலப் போரில், யானைமேல் இருந்த இளவரசர் ராஜாதித்தரைக் கொன்ற அந்த ஓர் அம்பு குறி தவறியிருந்தால், சோழப் பேரரசு முப்பது ஆண்டுகள் தளர்ந்து கிடந்திருக்காது!" மரியத்தின் விரல்கள் நிற்கின்றன. "அவரு மௌத்தானத அவரு வீட்டுல யாரு போய்ச் சொன்னாக?" "அதுக்கெல்லாம் மார்க் இல்ல உம்மா," என்று ஷமீலா சிரிக்கிறாள். "வாப்பாவுக்குப் போன் போடுங்க, பேசிக் காட்டணும்." பின்னாத கூந்தலை மரியம் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.

"வாப்பா மௌத்தாயிட்டாக, ஷமீலா."