ஹாலில் கிடந்த ஜெர்மனி

“இந்த ஜெர்மனியக் கொல்லைக்குக் கொண்டு போறீகளா, இல்ல நானே தூக்கி அடுப்புல வைக்கட்டுமா?”

பரிபூரணம் துடைப்பத்தோடு நின்றாள். ஹாலின் பாதியை அடைத்துக்கொண்டு பழைய கட்டில். அதன்மேல் பிளைவுட் பலகை. பலகையின் மேல் அவள் கணவர் சுயம்புலிங்கம் கட்டிய ஜெர்மனி. தெர்மாகோல் மலை, கூம்புக் கூரை போட்ட வீடுகள், ஒரு சர்ச், ஒரு ஸ்டேஷன், பாலத்தில் ஏறி இறங்கும் ரோடு, மலைக்குள் நுழைந்து மறுபக்கம் வரும் குட்டி ரயில். உச்சியில் பனி கூட உண்டு, சத்திரப்பட்டியில் வாங்கிய பேண்டேஜ் பஞ்சு. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் வாக்கிங் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். இவருக்கு மட்டும் இப்படியொரு கிறுக்குப் பிடித்துத் தொலைத்தது.

“செத்த பொறு. ரோட்டுல இன்னும் ரெண்டு கார் ஒட்டணும்.”

“ஒட்டினதையெல்லாம் போன வாரந்தான கத்திய வச்சுப் பேத்தீக?”

“பேத்தேன். இப்ப ஒட்டுதேன்.”

இந்த மனுஷனிடம் பேசுவதற்கு அந்தத் தெர்மாகோல் மலையிடம் பேசலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காளிராஜ் குடும்பம் இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறது. மகன் கௌதம்ராஜுக்கு ஜெர்மனியில் கார் கம்பெனி வேலை. நேற்றுத்தான் லீவில் வந்து இறங்கியிருக்கிறான். பிடித்துப்போனால் இந்த மாதமே நிச்சயம். அதற்கு முன்னால் பெண் தன் பேங்க் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகள் இலக்கியாவும் ராஜினாமாவை டைப் அடித்து போனில் வைத்திருந்தாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“அங்கனயே குடியிருக்க பையன்கிட்ட இந்தப் பஞ்சு மூட்டையக் காட்டுனா நம்மள என்ன நெனைப்பாக? தேடி வந்த சம்பந்தத்த நீங்களே கெடுத்துருவீக போல.”

“கெடுறதா இருந்தா கெடட்டும்.”

“ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? அந்தத் தம்பி போன வாரம் ஜெர்மனில இருந்து போன் பேசுனப்ப, ‘எல்லாம் நல்லபடியா நடக்கும் ஆன்ட்டி’ன்னு சொல்லி வாய மூடல, பல்லி சொல்லுச்சு. நம்ம வீட்டுல இல்ல, போனுக்குள்ள, அவிய பக்கம். நீங்களுந்தான கேட்டீக?”

“நல்லாவே கேட்டேன்” என்றார் சுயம்புலிங்கம், ஒரு சிவப்புக் காருக்குப் பசை தடவிக்கொண்டே.

அவர்கள் வந்துவிட்டார்கள். காளிராஜ் கையில் பால்கோவா டப்பா. கௌதம்ராஜ், ராஜபாளையத்து வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தான். பாவம், குளிரிலேயே பழகிய உடம்பு என்று பரிபூரணம் அவன் பக்கம் ஃபேனைத் திருப்பி வைத்தாள். இலக்கியா காப்பி கொடுத்தாள். பையன் பார்த்தான், சிரித்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“தம்பி, இங்கிட்டு வாங்க. இதச் செத்தப் பாத்துச் சொல்லுங்க” என்று கூப்பிட்டார் சுயம்புலிங்கம்.

பரிபூரணம் அவரைக் கண்ணாலேயே எரித்தாள். அவர் எரியவில்லை. சுவிட்சைத் தட்டினார். ரயில் கிளம்பியது.

கௌதம்ராஜ் குனிந்து பார்த்தான். “சூப்பர் அங்கிள். அப்படியே எங்க ஊரு.”

“நான் எங்க போனேன், வீடியோ பாத்துச் செஞ்சதுதான். மலை சரியா இருக்கா?”

“அதே மலை அங்கிள்.”

“ரோடு? காரெல்லாம் ஒழுங்கா ஒட்டிருக்கேனா? தப்பு இருந்தா கூச்சப்படாம சொல்லிருங்க. பேத்துட்டு மாத்தி ஒட்டிருவேன்.”

“ஒரு தப்பும் இல்ல அங்கிள். தெனமும் நானே கார் ஓட்டிட்டுப் போற ரோடு அச்சு அசலா இப்படித்தான் இருக்கும்.” சிவப்புக் காரின் மேல் விரலை வைத்தான். “இது நான்னு வச்சுக்கோங்க. இப்படியே நேராப் போயி அந்தப் பாலத்துல ஏறிருவேன்.”

காளிராஜ் மகனைப் பார்த்துப் பூரித்துப்போனார். “பய கண்ண மூடிட்டு ஓட்டுவான் அண்ணாச்சி” என்றார்.

பரிபூரணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தக் கிறுக்கு கூட ஒரு நல்ல காரியத்துக்கு உதவுகிறதே என்று நினைத்தாள். நிச்சயம் முடிந்த கையோடு ஆண்டாளுக்கு மாலை சாத்துவதாக மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அவர்களுடைய கார் தெருமுனை திரும்பியதும் சுயம்புலிங்கம் உள்ளே பார்த்துச் சொன்னார். “இலக்கியா, அந்த ராஜினாமாவ அழிச்சிரும்மா.”

“கூறுகெட்டுப் போச்சா ஒங்களுக்கு?” பரிபூரணம் பாய்ந்தாள். “எம்புட்டு நல்ல பையன். ஒங்க பொம்மையப் பாத்து ஒரு குத்தஞ் சொன்னானா?”

“சொல்லலையே, அதான்டி குத்தம். ஜெர்மனில வண்டி பூராவும் ரோட்டுல வலது பக்கந்தான் போகும். நானும் மொதல்ல அப்படித்தான் ஒட்டிருந்தேன். போன வாரந்தான் எல்லாத்தையும் பேத்து, நம்ம ஊரு மாதிரி எடது பக்கமா மாத்துனேன். தெனமும் அங்க கார் ஓட்டுதவனுக்கு அது கண்ணுல படலையாம். அவன் ஜெர்மனிக்குப் போன ரயிலு செங்கோட்டையோட திரும்பிருக்கும்.”

பரிபூரணம் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ரயில் மட்டும் சுற்றி வந்துகொண்டிருந்தது.

“அப்ப... போன வாரமே அவன் மேல சந்தேகமா? எதை வச்சு?”

சுயம்புலிங்கம் மலை உச்சியில் நகர்ந்திருந்த பஞ்சைச் சரிசெய்தார்.

“நீ கன்னத்துல போட்டுக்கிட்டு நின்ன பாரு, அப்பத்தான் தோணுச்சு. அந்தக் குளிருல ஏதுடி பல்லி?”