வயிறு சரியில்லீங்க

வாயில் போட்டாயிற்று. இனித் துப்ப முடியாது.

வெள்ளைத் துண்டு. உப்பு, புளிப்பு, கடைசியில் லேசாக ஆட்டு வாடை. மாப்பிள்ளையாக வரப்போகிற ரூபன் தன் கையால் பால் கறந்து, திரியவைத்து, வடிகட்டிச் செய்த சீஸ். மலைமேல் இருக்கிற ஹோட்டல்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்களாம்.

"எப்படிங்க இருக்கு?" என்றார் ரூபனின் அம்மா செல்வமேரி.

செம்மலரின் அப்பா தலையை ஆட்டினார். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்.

பால் அவருக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. வீட்டில் கடுங்காப்பிதான். எதிரே உட்கார்ந்திருந்த மகள் செம்மலர் அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

கண்ணாலேயே அடக்கினார்.

சம்பந்தம் பேச வந்த வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். வேறு சாதிக்காரர் வீட்டில் நனைக்காமல் எழுந்தால் அதற்கும் ஒரு பொருள் உண்டு.

அதைப் போன வருடமே செய்துவிட்டுப் போனவர்தான் அவர்.

இதே கூடம். இதே நாற்காலி. செல்வமேரி தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வயிறு சரியில்லீங்க."

தண்ணீருக்கு! பச்சைத் தண்ணீர் குடிக்க வயிறு சரியில்லையாம். நாற்பது வருடமாக எத்தனையோ வீடுகளில் சொல்லிப் பழகிய பொய். அன்றும் தானாக வந்து விழுந்தது. செல்வமேரி தம்ளரை அப்படியே உள்ளே கொண்டுபோனார். செம்மலர் அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசவே இல்லை. போன மாதம் அவர்தான் இறங்கிவந்து போன் போட்டார்.

அதனால் இரண்டாவது துண்டையும் எடுத்தார். மாட்டுப்பால்தானே ஆகாது, ஆட்டுப்பால் என்ன செய்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

தேதி குறிக்கப் பேசிக்கொண்டிருந்தபோது வயிறு இரைந்தது. எல்லோர் காதிலும் விழுந்தது.

பிறகு முறுக்கிப் பிடித்தது. குமட்டிக்கொண்டு வந்தது. பேச்சைப் பாதியில் விட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார்.

கழிப்பறைக்குள் அவர் ஓங்கரித்த சத்தம் கூடம்வரை போயிருக்கும்.

சீ, என்ன பிழைப்பு இது.

வெளியே போய் உள்ளதைச் சொல்லிவிடலாம். எந்த வாயால் சொல்வது?

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மிச்சத் துண்டுகளோடு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு செல்வமேரி நின்றிருந்தார். ரூபன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லீங்க," என்றார் செல்வமேரி. "வயிறு சரியில்லன்னு சொல்லுங்க. போதும்."

குரலில் கோபம்கூட இல்லை. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அத்த, அப்பாவுக்கு நெசமாவே..." செம்மலர் எழுந்தாள்.

"நீ சும்மா இரு பாப்பா," என்றார் அப்பா.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல்வமேரியின் கையில் இருந்த தட்டை எட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வயித்துக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு."

மூன்றாவது துண்டை எடுத்தார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

செல்வமேரி அவரையே பார்த்தார். உள்ளே போனார்.

தம்ளர் எடுக்கிற சத்தம் கேட்கிறதா என்று அவர் காத்திருந்தார்.